சாரல் கழுவாத சாலை

பெருமழையில் வண்டி ஓட்டிவிடலாம், சாரலில் ஓட்டுவதுதான் கடினம். பைக் ரேஸ் ஓட்டிய காலத்திலும் சொன்னேன், கார் ரேஸுக்குப் போன பிறகும் சொன்னேன், இப்போது என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். பெருமழை பெய்தால், சாலையில் படிந்து கிடக்கும் டீசலும் டயர்த் தூசியும் மண்ணும் முதல் கால்மணி நேரம் மிதந்து வழுக்கும். பிறகு தண்ணீரோடு ஓரத்துக்கு ஓடிவிடும். அதற்கப்புறம் அந்தச் சாலையை ஓரளவு நம்பலாம். சாரல் அப்படி எதையும் கழுவுவதில்லை. பத்து நிமிஷம் தூவும், வெயிலடிக்கும், மறுபடியும் தூவும். அழுக்கெல்லாம் இருந்த இடத்திலேயே பசையாகிக் கிடக்கும். கண்ணுக்குச் சாலை காய்ந்த மாதிரி தெரியும், டயருக்குத் தெரியாது.

தென்காசிக்காரனுக்கு இந்தச் சாரல் கிடைப்பதற்குக் காரணம் மலையில் இருக்கும் ஒரு தாழ்வு. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் இறங்கி ஒரு கணவாய் விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு அந்த வழியாக நம் பக்கம் பாய்கிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சீசன் என்று சொல்வது இதைத்தான். அதே காற்றுதான் கிழக்கே காற்றாலைகளைச் சுழற்றுகிறது. செங்கோட்டை தாண்டிப் புளியரை நோக்கி பைக்கில் போனால் அந்தக் காற்று பக்கவாட்டில் அறையும். எதிரே லாரி வந்தால் அதன் மறைவில் ஒரு நொடி காற்றே இருக்காது. லாரி கடந்ததும் மொத்தமாக வந்து மோதும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறவனை அது சாலைக்கு வெளியே தள்ளிவிடும். முழங்காலால் டேங்க்கைப் பற்றிக்கொண்டு, கையைத் தளர்வாக விட வேண்டும். ரேஸ் பள்ளிகளில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. எனக்கு அது பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே அப்பாவின் மொபெட்டில் பழகிவிட்டது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் தென்காசியில் டூ-வீலர் ஒர்க்ஷாப் வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. அதற்குப் பிறகு நான்கைந்து வருஷம் எங்கள் கடையில் அந்த வண்டியின் சத்தம் ஓயவில்லை. 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், பதினொரு குதிரை சக்தி. இன்றைய கணக்குக்குச் சின்ன எண். ஆனால் எடை குறைவு, கையைத் திருப்பினால் உடனே பதில் வரும். அண்ணாச்சி அதன் சிலிண்டரைக் கழற்றிப் போர்ட்டுகளைக் கையால் தேய்த்து வழி சரிசெய்வார். சைலன்சரை மாற்றி எக்ஸ்பான்ஷன் சேம்பர் போடுவார். கார்புரேட்டரில் மெயின் ஜெட் எந்த எண் என்பதை ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்து முடிவுசெய்வார். பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாது, பிஸ்டன் சீஸ் ஆகும். கறுத்திருந்தால் அதிகம். மெட்ராஸ் வெயிலில் காற்று லேசாகிப்போகும் என்பதால், குற்றாலத்துக் குளிரில் சரியாக ஓடிய ஜெட் அங்கே கறுப்படிக்கும், ஒரு எண் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது அவர் அதுவரை ஒரு ரேஸிலும் ஓட்டியதில்லை. பார்க்கத்தான் போயிருக்கிறார், அதுவும் சோழவரத்துக்கு.

பிரானூர் மரக்கடைகளுக்கு வந்துபோகும் லாரிகள், கேரளத்துக்கு வைக்கோலும் காய்கறியும் சிமெண்டும் ஏற்றிப் போகும் லாரிகள் எல்லாம் புளியரைக்கு மேலே எஸ் வளைவில் ஏறித்தான் கோட்டவாசல் தாண்ட வேண்டும். இரட்டைச் சக்கரங்கள் ஒரே தடத்தில் உருண்டு உருண்டு தார்ச்சாலையில் இரண்டு பட்டைகளை மெருகேற்றி வைத்திருக்கும். காய்ந்திருக்கும்போது அதுதான் பள்ளமில்லாத நல்ல வழி. நனைந்தால் அதுதான் மோசமான வழி. பழுதுபார்த்த வண்டியை ஓட்டிப் பார்க்க அண்ணாச்சி என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். ஒருநாள் என்னை முன்னால் உட்காரச் சொன்னார். முதல் வளைவுக்கு முன்பே முதுகில் தட்டினார்.

"ஏல, லாரித் தடத்துல போவாத. அது வழுவழுன்னு கெடக்கும். நடுவுல சொரசொரன்னு இருக்கு பாரு, அதுல ஏறு."

"நடுவுல ஆயிலு சொட்டியிருக்குமே அண்ணாச்சி?"

"ஏத்தத்துலயும் வண்டி நிக்கிற எடத்துலயும்தாம்ல சொட்டும். எறக்கத்துல ரெண்டுக்கும் எடையில போ. ரோட்டப் பாத்து ஓட்டு, வேகத்தப் பாக்காத."

அன்று நாங்கள் வேகமாகவே போகவில்லை. வளைவில் ஈர வைக்கோல் எங்கே விழுந்து கிடக்கிறது, மேலேயிருந்து ஊற்றுநீர் எங்கே குறுக்கே ஓடுகிறது, வெள்ளைக்கோடு எங்கே வருகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் சாலையில் இன்னொரு வகை வழுக்கல் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்தவர்கள் நடந்துபோன வழியெல்லாம் எண்ணெய்ச் சொட்டு இருக்கும். பழக்கடைகள் முன்னால் மங்குஸ்தான் தோலும் ரம்புட்டான் தோலும் நசுங்கிக் கிடக்கும். ஐந்தருவிச் சாலையில் குரங்கு குறுக்கே பாயும். ஒரு ரேஸ் ஓட்டுபவனின் கண் எதையெல்லாம் தேட வேண்டுமோ அத்தனையும் எங்கள் ஊரைச் சுற்றியே இருந்தது.

சோழவரம் பற்றி அண்ணாச்சி சொல்லக் கேட்டதோடு சரி, நான் பார்த்ததில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெட்ராஸுக்கு வடக்கே போட்ட விமான ஓடுபாதை அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கே ரேஸ் நடத்தியது. கரிவரதன், விஜய் மல்லையா போன்றவர்கள் கார் ஓட்டிய இடம். கோயம்புத்தூர்க்காரரான கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். நாராயண் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் காரில்தான் தொடங்கினார். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்குச் சொந்தக் காசையும் சொந்த மூளையையும் அவர் அளவுக்குக் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

நான் ரேஸுக்குப் போனபோது கிளப்புக்குச் சொந்தமாகவே ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வந்துவிட்டது. 1990இல் திறந்தார்கள். முழுச்சுற்று 3.717 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு. எதிர்த்திசையில் வண்டி வராது, மாடு வராது, ஓரத்தில் புளியமரம் கிடையாது. மலைச்சாலையில் எப்போதும் பாதி மனம் எதிரே வருவதன் மேலேயே இருக்கும். அந்தப் பாதி மனம் முதல் தடவையாக எனக்குத் திரும்பக் கிடைத்தது. விழுந்தால் ஓடிவர மார்ஷல் நிற்கிறார், ஆம்புலன்ஸ் நிற்கிறது, பின்னால் வருகிறவனுக்கு மஞ்சள் கொடி காட்ட ஆள் இருக்கிறது. சாலையில் ஓட்டும் எவனுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

அப்போதெல்லாம் கொல்லம் மெயிலில்தான் வண்டியைக் கொண்டுபோவோம். மீட்டர் கேஜ் காலம். டேங்க்கைக் காலிசெய்து, கைப்பிடியையும் விளக்கையும் சாக்குச் சுற்றிக் கட்டி, பார்சல் ஆபீஸில் எழுதிக்கொடுத்துவிட்டு அதே ரயிலில் நாங்களும் ஏறுவோம். எழும்பூரில் இறக்கி, மெட்டடோர் வேன் பிடித்து பெங்களூர் ரோட்டில் போவோம். ஹூண்டாய் ஆலை அங்கே வருவதற்கு முந்திய காலம், சுற்றிலும் வெறும் பொட்டல். ஓசூரிலிருந்து டிவிஎஸ் அணி வரும். 1982இலிருந்து ரேஸ் நடத்தும் கம்பெனி அணி அது. எஞ்சினைத் திறந்து மூட ஆள், டயர் மாற்ற ஆள், நேரம் குறிக்க ஆள் என்று அவர்கள் பிட்டில் ஒரு ஒழுங்கு இருக்கும். எங்களைப் போல் சொந்தக் காசில் வருகிறவர்கள் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். பொறாமை என்று சொல்ல முடியாது. அவர்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்துத்தான் நானும் அண்ணாச்சியும் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தோம். வெயில் எவ்வளவு, எந்த ஜெட், டயரில் காற்று எவ்வளவு, லேப் டைம் எவ்வளவு. அந்த நோட்டுகள் இப்போதும் கடையில் இருக்கின்றன.

டிராக்கில் எல்லோரும் ஒரே வழியில்தான் போவார்கள். வளைவுக்கு வெளியேயிருந்து உள்ளே வந்து, உச்சியைத் தொட்டு, மறுபடி வெளியே. அதுதான் ரேஸிங் லைன். ஓட்டி ஓட்டி அந்த வழியில் டயர் ரப்பர் படிந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். வெயிலில் அந்த ரப்பர்தான் பிடிமானம். மழை விழுந்தால் அதே ரப்பர் கண்ணாடியாகிவிடும்.

ஒருநாள் மதியம், நூற்றுப்பத்து சிசி பிரிவுக்கு கிரிட்டில் நிற்கும்போது மேகம் திரண்டு தூறல் போட்டது. கொட்டவில்லை, தூவியது. மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், எனக்கு அது குற்றாலமாகவே இருந்தது. முதல் சுற்றிலேயே நான் வழக்கமான லைனை விட்டுவிட்டேன். வெயிலில் யாருமே போகாத வெளிப்பக்கத்துக்குப் போய், ரப்பர் படியாத சொரசொரப்பான தாரில் வண்டியைச் சாய்த்தேன். தூரம் அதிகம், ஆனால் டயர் பிடித்தது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு குறிப்பிட்ட சுற்று வந்ததும் சக்தி திடீரென்று பாயும். ஈரத்தில் அந்தப் பாய்ச்சல்தான் பின்சக்கரத்தைப் பறிக்கும். அதனால் வளைவுகளில் ஒரு கியர் கூட்டியே வைத்தேன். வண்டியைக் குறைவாகவும் உடம்பை அதிகமாகவும் உள்ளே சாய்த்தேன். பிரேக்கைச் சீக்கிரமாக, மெதுவாக. பின்வரிசையில் தொடங்கியவன் மூன்றாவதாக வந்தேன். அதைவிடப் பெரிய பரிசு, ரேஸ் முடிந்ததும் கம்பெனி அணியின் மூத்த ஓட்டுநர் ஒருவர் எங்கள் தார்ப்பாய்க்கே வந்து, "தம்பி, அந்த வெளி லைன் எங்க படிச்சீங்க?" என்று கேட்டது. "புளியரைல அண்ணே" என்றேன். அவருக்கு அந்த ஊர் தெரியவில்லை.

சின்ன சிசி ரேஸில் ஓட்டுபவனின் எடையும் எஞ்சினும் ஒரே தராசில் நிற்கின்றன. வயது ஏற ஏற என் எடையும் ஏறியது. வளைவில் நான் எடுத்ததை நேர்வழியில் பதினெட்டு வயதுப் பையன்கள் திரும்பப் பறித்துக்கொண்டு போனார்கள். தோள்பட்டையும் பழைய விழுதல்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. மெட்ராஸில் ஒரு நண்பர் மாருதி எஸ்டீம் ஒன்றை ரேஸுக்குத் தயார்செய்திருந்தார். 1298 சிசி எஞ்சின், முன்சக்கர இயக்கம். உள்ளேயிருந்த சீட், கம்பளம், கதவு அட்டை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாயில் ரோல் கேஜ் பற்றவைத்திருந்தார்கள். அவருக்கு ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் டூரிங் கார் பிரிவுக்குப் போனேன்.

இரண்டு சக்கரத்திலிருந்து நான்குக்குப் போனவர்கள் உலகத்தில் உண்டு. இங்கிலாந்தின் ஜான் சர்டீஸ் 500 சிசி பைக்கில் 1956, 1958, 1959, 1960 என்று நான்கு முறை உலக சாம்பியன், பிறகு 1964இல் ஃபெராரி காரில் ஃபார்முலா ஒன் சாம்பியன். இரண்டிலும் உலகப் பட்டம் வென்ற ஒரே மனிதர் இன்றுவரை அவர்தான். மைக் ஹெய்ல்வுட்டும் அந்த வழியில் போனார். வாலன்டினோ ரோஸி பைக்கை விட்டதும் ஜிடி கார்களுக்குப் போய் அங்கேயும் ஜெயிக்கிறார். நம்மூரில் நடிகர் அஜித்குமார் பைக் ரேஸில் தொடங்கி, 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் ஃபார்முலா டூ என்று போனார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி அதன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. சென்னையின் அலிஷா அப்துல்லா, பைக் சாம்பியனான தன் அப்பா ஆர்.ஏ. அப்துல்லாவின் வழியில் பைக் ஓட்டிவிட்டு ஃபோக்ஸ்வாகன் போலோ கப் கார்களுக்குப் போனார். இவர்கள் பெயரையெல்லாம் கேட்டால் பைக்கிலிருந்து காருக்குப் போவது வீட்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி தோன்றலாம். உடம்பு அப்படி ஏற்றுக்கொள்வதில்லை.

பைக்கில் டயர் தரையைத் தொடும் இடம் கொஞ்சம்தான். அதில் நடப்பதெல்லாம் கைவிரலுக்கும் தொடைக்கும் பாதத்துக்கும் நேராக வந்து சேரும். உடம்பை நகர்த்தினால் வண்டி திரும்பும். காரில் ஆறு இடங்களில் பெல்ட் போட்டுச் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். என் உடம்பால் செய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று முதலில் தோன்றியது. சில நாள் பயிற்சிக்குப் பிறகுதான் தெரிந்தது, பைக்கில் விரலுக்கு வந்த சேதி காரில் இடுப்புக்கு வருகிறது. பின்சக்கரம் நழுவப்போவதைக் கண்ணுக்கும் ஸ்டியரிங்குக்கும் முன்னால் இடுப்பெலும்பு சொல்லிவிடும். பெல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு தெளிவாகச் சொல்லும். தளர்வான பெல்ட்டோடு ஓட்டுகிறவனுக்கு பாதுகாப்பும் இல்லை, சேதியும் இல்லை.

பிரேக்தான் நெடுநாள் எடுத்த பாடம். பைக்கில் முன்பிரேக்கை வலது கையின் இரண்டு விரல்களால் பிடிப்போம். அந்த இரண்டு விரல்களுக்குத்தான் எவ்வளவு நுணுக்கம்! வளைவுக்குள் நுழையும்போது தாள் தாளாக அழுத்தத்தை விடத் தெரிந்தவை. அந்த நுணுக்கம் பாதத்துக்கு இறங்க வேண்டும், அதுவும் கனமான ஷூவுக்குள். இதற்கு டிராக் தேவையில்லை. தென்காசியில் வீட்டு ஆம்னியில் அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து காசிவிசுவநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் பழகினேன். வண்டி நிற்கும் கடைசி நொடியில் அம்மாவின் தலை முன்னால் ஆடக் கூடாது. நிற்பதற்குச் சற்று முன்னால் அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டால் ஆடாது. "என்னய்யா, இன்னிக்கு வண்டி நின்னதே தெரியல" என்று அம்மா சொன்ன நாளில், அடுத்த ரேஸில் பிரேக் லாக் ஆகாது என்று நம்பிக்கை வந்தது.

முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள் இரண்டும் திரும்ப வேண்டும், இழுக்க வேண்டும், பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்க வேண்டும். ஏழெட்டுச் சுற்றுக்குள் அவை சூடேறிப் பிடிமானம் தளர்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். அதனால் பின் சஸ்பென்ஷனை இறுக்கமாக வைப்போம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் தானாக வெளியே வந்து காரைத் திருப்பிவிடும். பின்பக்கம் நழுவும்போது பயந்து காலை முழுசாக எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ கார் சுழன்றுவிடும். செய்ய வேண்டியது நேர் எதிர், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முன்சக்கரம் இழுத்து நேராக்கிவிடும். காரிலேயே தொடங்கியவர்களுக்கு இதை நம்ப வருஷக்கணக்கில் ஆகும். பைக்காரனுக்கு ஆகாது. பின்சக்கரம் நழுவுகிற பைக்கில் திராட்டிலை டக்கென்று மூடினால், டயர் திடீரென்று பிடித்து ஆளை மேலே தூக்கி எறியும் என்று உடம்புக்கு ஏற்கெனவே தெரியும். டக்கென்று எதையும் செய்யாதே என்பது இரண்டுக்கும் பொது.

பொதுவில்லாத ஒன்றும் உண்டு. பைக் ரேஸில் யாரும் யாரையும் தொடுவதில்லை. தொட்டால் இருவரும் விழுவார்கள் என்று இருவருக்கும் தெரியும், அதனால் எவ்வளவு நெருங்கினாலும் ஒரு மரியாதை இருக்கும். டூரிங் காரில் கதவும் கதவும் உரசுவது அன்றாடம். பம்பரால் தட்டி இடம் கேட்பார்கள். எனக்கு அது கடைசிவரை ஒட்டவில்லை. விதிக்குள் இருக்கிறது, ரசிகர்களுக்கும் பிடிக்கிறது. ஆனாலும் எதிராளியின் உடம்பு எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே முந்தப் பழகியவன் நான். காரின் தகரம் அந்த நினைப்பை மறைத்துவிடுகிறது.

2023 இந்த இரண்டு உலகத்தையும் சேர்த்து அடித்த வருஷம். ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சலூன் கார் ரேஸில் கே.இ. குமார் இறந்தார். நெடுங்காலம் களத்தில் இருந்தவர், வயது 59. அதே டிராக்கில் ஆகஸ்ட் 5 அன்று, தேசிய மோட்டார் சைக்கிள் ரேஸின் புதியவர்கள் பிரிவில் பெங்களூர்ப் பையன் ஸ்ரேயஸ் ஹரீஷ் விழுந்து இறந்தான். வயது 13. அன்று எனக்கு போன் வந்தபோது கடையில் இருந்தேன். என்னிடம் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் பக்கத்தில் நின்று கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஏறக்குறைய அதே வயது. அவன் அம்மா மறுநாள் வந்து, "அண்ணே, இனிமே அவன அனுப்பல" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. டிராக்கில் சாவு இல்லை என்று எந்தத் தாயிடமும் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்தப் பையன் பிறகு என்ன செய்தான் தெரியுமா? சேக்காளிகளோடு எஸ் வளைவுக்குப் போக ஆரம்பித்தான். தெரிந்ததும் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் இப்போது மறுபடியும் கடைக்கு வருகிறான்.

அந்த எஸ் வளைவு இன்றைக்குப் பெரிய தலைவலி. சீசனில் ஞாயிற்றுக்கிழமை காலை மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பையன்கள் கூட்டமாக வருகிறார்கள். கையில் இருக்கும் வண்டிகள் நாங்கள் ரேஸில் ஓட்டியதைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி கொண்டவை. பிரேக்கில் ஏபிஎஸ் இருக்கிறது, டயர் நல்ல டயர். அதனால் முழங்கால் தரையில் உரசும் அளவுக்குச் சாய்ப்பது எளிதாகிவிட்டது. ஆனால் எதிரே வைக்கோல் லாரி வெள்ளைக்கோட்டைத் தாண்டித்தான் திரும்பும். அதற்கு வேறு வழி இல்லை, அதன் நீளம் அப்படி. சாய்ந்து கிடக்கும் பைக்கில் அவசர பிரேக் என்று ஒன்று கிடையாது. ஏபிஎஸ் சக்கரத்தை உருள வைக்கும், சாரலில் இல்லாத பிடிமானத்தை எங்கிருந்து கொண்டுவரும்? இந்தச் சாலையில் கற்றுக்கொண்டவன் என்பதாலேயே சொல்கிறேன், இங்கே ரேஸ் ஓட்டக் கூடாது. நானும் அண்ணாச்சியும் அதில் படித்தது பார்வையை. வேகத்தை ஸ்ரீபெரும்புதூரில்தான் வைத்துக்கொண்டோம்.

சீசன் தொடங்கியதும் விடியற்காலையில், போக்குவரத்து வருவதற்கு முன் என் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறேன். வண்டியைப் புளியரையிலேயே நிறுத்திவிட்டு ஓரமாக நடப்போம். ரேஸுக்கு முந்தின நாள் ஓட்டுநர்கள் டிராக்கை நடந்து பார்ப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம், அதைத்தான் செய்கிறோம். ஷூவின் அடியால் தாரைத் தேய்த்துப் பார்க்கச் சொல்வேன். லாரித் தடத்தில் தேய், நடுவில் தேய், வெள்ளைக்கோட்டில் தேய். நீர் எங்கே தேங்குகிறது, சாலை எந்தப் பக்கம் சரிகிறது, நிழல் விழுந்து காயாமல் இருக்கும் இடம் எது என்று ஒவ்வொருவனும் நோட்டில் எழுத வேண்டும். வெயில் ஏறியதும் திரும்பிவிடுவோம். இதைப் பார்த்துச் சலித்துப்போய் விலகிய பையன்கள் உண்டு. விலகாமல் நின்றவர்கள் செட்டிபாளையத்தில் முதல் முறை வண்டி ஏறும்போது வளைவுக்கு முன்னாலேயே அவர்கள் கண் வளைவின் முடிவுக்குப் போய்விடுகிறது. அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பதில்லை.

காசு விஷயத்தில் பெற்றோரிடம் ஒளிவுமறைவு வைப்பதில்லை. டயர், எஞ்சின் வேலை, பயணம், நுழைவுக் கட்டணம் என்று ஒரு சீசனிலேயே காசைத் தின்றுவிடும் விளையாட்டு இது. ஜெயித்தாலும் பரிசுப் பணம் செலவுக்குக் கட்டாது. கம்பெனி அணியில் இடம் கிடைக்கிறவர்கள் சிலரே. ஆனால் எங்கள் காலத்தில் சொந்தமாக வண்டி தயாரிக்காதவனுக்கு வழியே இல்லை. இப்போது கம்பெனிகளே ஒரே மாதிரி வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஓட்டுநரை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றும் ஒன்-மேக் ரேஸ்கள் இருக்கின்றன. அதனால் தென்காசிப் பிள்ளைக்கும் வாசல் முன்னைவிடத் திறந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ், மருத்துவச் சான்று, அதற்கப்புறம் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பு தரும் லைசென்ஸ். இந்த வரிசையைத் தாண்டிக் குறுக்கு வழி கிடையாது. நானும் யாருக்கும் காட்டுவதில்லை.

இலஞ்சியிலிருந்து ஒரு பெண்பிள்ளை இந்த வருஷம் வந்திருக்கிறாள். கல்லூரி இரண்டாம் வருஷம், அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். நோட்டில் அவள் எழுதும் குறிப்புகள் என் பழைய நோட்டைவிடத் தெளிவாக இருக்கின்றன. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். அவள் அப்பா சேர்த்து வைத்த பணத்தோடு வந்து எந்த பைக் வாங்கலாம் என்று கேட்டார். பைக்கைப் பயிற்சிப் பள்ளியிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், இந்தப் பணத்தில் முதலில் அவள் அளவுக்குச் சரியான லெதர் சூட், கையுறை, பூட்ஸ், தலையை அளந்து ஒரு நல்ல ஹெல்மெட், இவ்வளவையும் வாங்குங்கள், ஹெல்மெட் வாங்க நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.